பழைய கிணற்றில் பாக்கி இருக்கிறது

கூட்டப்புளியில் தொடங்கி பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, கூடுதாழை என்று உவரி வரை நீளும் ராதாபுரம் பகுதிக் கடலோரத்துக்கு அரசாங்கத்தோடு வழக்காடுவது புதிதல்ல. அணு உலையை எதிர்த்துப் போராடிப் பார்த்தார்கள். தாது மணல் அள்ளுவதை எதிர்த்துப் பேசிப் பார்த்தார்கள். தூண்டில் வளைவு கேட்டு மனு எழுதாத ஊர் இங்கே அபூர்வம். அந்தப் பட்டியலில் 2024-ல் எண்ணெயும் சேர்ந்துகொண்டது. கன்னியாகுமரிக்கு அப்பால் ஆழ்கடலில் சுமார் 27 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, எண்ணெயும் எரிவாயுவும் தேடுவதற்கு ஏலம் அறிவித்தது மத்திய அரசு.

குமரி மீனவர்கள் உடனே எதிர்த்தார்கள். நெல்லைக் கடலோரமும் கேரளக் கரையும் சேர்ந்துகொண்டன. காரணம், குமரி முனைக்குத் தெற்கே கடலுக்கடியில் கிடக்கும் வெட்ஜ் பேங்க் என்னும் மேட்டுப் பகுதி. மீன்கள் இனம் பெருக்கும் இடம் அது. 1976-ல் இலங்கையோடு செய்துகொண்ட கடல் எல்லை ஏற்பாட்டில் இதன் மீதான உரிமை இந்தியாவுக்கு என்று உறுதியானது. கைவிட்டுப்போன கச்சத்தீவைப் பற்றி முழங்காத தேர்தல் மேடை தமிழ்நாட்டில் கிடையாது. கையில் வந்த வெட்ஜ் பேங்கைப் பற்றித்தான் மேடைக்கு ஞாபகம் வருவதில்லை.

எதிர்ப்பு நியாயமானது. ஆனால் ‘வேண்டாம்’ என்பதோடு நின்றால் டெல்லியின் பதில் தயாராக இருக்கிறது. 2023-24-ல் இந்தியா தன் மண்ணிலும் கடலிலும் எடுத்த கச்சா எண்ணெய் சுமார் 2.9 கோடி டன்தான். தேவையில் 87 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. ‘அப்படியானால் எண்ணெய் எங்கிருந்து வரும்?’ என்று கேட்பார்கள். அதற்கு ஒரு மறுகேள்வி இருக்கிறது. ஏற்கெனவே தோண்டி, குழாய் இறக்கி, மக்களின் வயிற்றெரிச்சலையும் சம்பாதித்துக்கொண்ட கிணறுகளில் மிச்சம் கிடக்கும் எண்ணெயை ஏன் இன்னும் எடுக்கவில்லை?

மிச்சம் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. பூமிக்கடியில் எண்ணெய் ஏரியாகத் தேங்கி நிற்பதில்லை. மணற்பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கிணறு தோண்டியதும் உள்ளிருக்கும் அழுத்தம் தானாகத் தள்ளி மேலே அனுப்பும். அந்த வேகம் அடங்கியதும் பக்கத்தில் வேறு கிணறு போட்டுத் தண்ணீரை இறக்கி எண்ணெயைத் தள்ளுவார்கள். இந்த இரண்டு கட்டமும் முடிந்த பிறகு பார்த்தால், உலகின் சராசரி வயலில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவுதான் வெளியே வந்திருக்கும். மீதி பாறைக்குள்ளேயே இருக்கும்.

இதற்குக் காரணம் தண்ணீரின் குணம். கச்சா எண்ணெய் கெட்டி; தண்ணீர் இளக்கம். தள்ளச் சொன்னால் தண்ணீர் எண்ணெயைத் தள்ளாமல், இடுக்கு கிடைத்த பக்கம் விரல்விட்டு நுழைந்து நேரே அடுத்த கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சில காலத்தில் கிணற்றில் எண்ணெயைவிடத் தண்ணீரே அதிகம் வரும். அதனால் உள்ளே அனுப்பும் தண்ணீரையே கொஞ்சம் கெட்டியாக்கி அனுப்பினால் என்ன என்று யோசித்தார்கள். சீனாவின் தாச்சிங் வயலில் 1990-களின் நடுவிலிருந்து பெரிய அளவில் நடப்பது இதுதான். குஜராத்தின் சானந்த் வயலில் அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி 1980-களிலேயே சோதனை தொடங்கியது.

இந்தியாவில் இதன் பெரிய மேடை ராஜஸ்தானின் பார்மேர். 2004-ல் கண்டுபிடிக்கப்பட்ட மங்களா வயலில் 2009 ஆகஸ்டில் உற்பத்தி தொடங்கியது. அந்த எண்ணெய் மெழுகு கலந்தது. குளிர்ந்தால் உறைந்துவிடும் என்பதால் குழாய்க்கே சூடு கொடுத்துக் கொண்டுபோகிறார்கள். வெறும் தண்ணீர் இங்கே போதாது என்று தெரிந்து, 2011-ல் பாலிமர் கரைத்துக் கெட்டியாக்கிய நீரைச் சோதித்தார்கள். சில ஆண்டுகளில் வயல் முழுவதற்கும் அதை விரித்தார்கள். உலகின் மிகப் பெரிய பாலிமர் வயல்களில் ஒன்று இன்று தார்ப் பாலைவனத்தில் ஓடுகிறது. தும்ப்ளி என்ற இடத்து நிலத்தடி உப்புநீரைக் கொண்டே அதைச் செய்கிறார்கள்.

இந்த வேலைக்குப் பயன்படும் பாலிமர் பாலிஅக்ரிலமைடு வகை. அதுவும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது. எண்ணெய் எடுக்க எண்ணெய்ப் பொருள். உப்பு கூடினால் அதன் கெட்டித்தன்மை குறையும். சூடு கூடினால் சிதையும். பம்பு, வால்வு, கிணற்றடித் துளை என்று வேகமாகத் தள்ளப்படும் இடங்களில் அதன் நீண்ட சங்கிலி அறுந்துபோகும், அறுந்தது திரும்ப ஒட்டாது. பாறைக்குள் தங்கிவிட்டால் மண்ணில் மட்கிப்போகும் பொருளும் அல்ல. இதற்கு மாற்றாகத்தான் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நானோ செல்லுலோஸ் பேச்சில் அடிபடுகிறது.

செல்லுலோஸ் என்றால் தாவரத்தின் எலும்பு. பருத்தியில் இருப்பது, வாழை நாரில் இருப்பது, காகிதத்தில் இருப்பது எல்லாம் அதுவே. 1838-ல் பிரான்ஸின் அன்செல்ம் பாயன் அதைத் தனியே பிரித்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரிகிற ஒரு நாருக்குள் கோடிக்கணக்கான நுண்ணிழைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றை அமிலத்தால் பிரித்தால் அரிசி மணி வடிவத்தில் நானோ படிகம் கிடைக்கும். அகலம் பத்து நானோமீட்டர் சுற்றி, நீளம் நூறு இருநூறு. இயந்திரத்தில் அழுத்திப் பிரித்தால் நீளமான நானோ இழை கிடைக்கும். அதை 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு மரக்கூழ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் முதலில் செய்தார்கள். தண்ணீரில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கலந்தாலே அது ஜெல் போல நின்றுகொள்ளும்.

அதன் குணம் விசித்திரமானது. அசையாமல் இருக்கும்போது கெட்டி. வேகமாகத் தள்ளினால் இளகும். வேகம் அடங்கினால் மறுபடி கெட்டி. ஜப்பானில் இதை ஜெல் பேனா மையில் சேர்த்து விற்றார்கள். பேனா முனையின் குண்டு உருளும்போது மை இளகி ஓடுகிறது, தாளில் விழுந்ததும் கெட்டியாகி நிற்கிறது. எண்ணெய்க் கிணற்றுக்கு வேண்டியதும் இதே குணம்தான். கிணற்றடியில் வேகமாக நுழையும்போது எளிதாகப் போகவேண்டும், பாறையின் ஆழத்தில் மெதுவாக நகரும்போது கெட்டிப்பட்டு எண்ணெயைத் தள்ளவேண்டும்.

கெட்டித்தன்மை மட்டுமல்ல, இன்னொரு வேலையும் அது செய்கிறது. சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாயில் யாரோ வெட்டிப்போட்ட வாழை மட்டைகள் மிதந்துவந்து ஒரு மடையில் குறுக்காகச் சிக்கிக்கொண்டால், பாய்ந்துகொண்டிருந்த வயலுக்குத் தண்ணீர் குறைந்து, காய்ந்து கிடந்த அடுத்த வயலுக்குப் பாயும். பாறைக்குள் நானோ குச்சிகளும் அப்படித்தான். தண்ணீர் வழக்கமாக ஓடும் அகன்ற துளைகளின் வாயில் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கி வழியைக் குறுக்குகின்றன. அதுவரை தொடாத சின்னத் துளைகளுக்குள் தண்ணீர் திரும்பி, அங்கே ஒளிந்திருந்த எண்ணெயை வெளியே இழுக்கிறது.

‘மேற்பரப்பை மாற்றிய’ நானோ செல்லுலோஸ் என்று ஆய்வாளர்கள் சொல்வதற்கும் காரணம் உண்டு. வெறும் இழையை உப்புநீரில் போட்டால் கால்சியம், மெக்னீசிய உப்புகள் அதை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரளாக்கிவிடும். திரண்ட பொருள் பாறைக்குள் போகாது, வாசலிலேயே அடைத்துக்கொள்ளும். ஆகவே இழையின் மேல் கார்பாக்சில் தொகுதிகளை ஏற்றி ஒன்றையொன்று விலக்கும்படி செய்கிறார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசொகாய் குழு 2006-ல் இதற்கு ஒரு எளிய வழி கண்டது. அவருக்கும் இரண்டு சகாக்களுக்கும் 2015-ல் ஸ்வீடனின் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது. சீனாவின் செங்டுவில் உள்ள தென்மேற்குப் பெட்ரோலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உப்பையும் சூட்டையும் தாங்கும் வேறு தொகுதிகளை இழையின் மேல் ஒட்டிப் பார்த்தார்கள். நார்வேயில் ட்ரொன்ஹெய்ம் நகரத்தின் காகித ஆய்வு நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து எண்ணெய்க்கென்றே பசுமைத் திரவத் திட்டம் ஒன்றை நடத்தின.

அந்த ஆய்வுகள் எப்படி நடக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். உள்ளங்கையில் அடங்கும் உருளை வடிவ மணற்பாறைத் துண்டு ஒன்றை எஃகு உறைக்குள் இறுக்கி வைப்பார்கள். முதலில் உப்புநீரால் அதை நிரப்புவார்கள். பிறகு எண்ணெயைச் செலுத்தி நீரைத் துரத்துவார்கள். சூளை போன்ற அடுப்பில் அதைச் சூடாக வைத்துக்கொண்டு, மிக மெதுவாகத் தண்ணீரைச் செலுத்தி, அடுத்த முனையில் சொட்டும் எண்ணெயை அளவுக் குழாயில் அளப்பார்கள். சொட்டு நின்றதும் நானோ திரவத்தைச் செலுத்துவார்கள். இனி சொட்டுவது எவ்வளவு என்பதே விடை. நார்வே ஆய்வில் நானோ படிகங்கள் பாறைக்குள் புகுந்து வெளியேறின. கூடுதல் எண்ணெய் கிடைத்தது, ஆனால் சொற்பம். நீண்ட இழைகளுக்கு அந்தப் பாறையில் வாசலைத் தாண்டுவதே பாடாக இருந்தது. சூடு கூடும்போது அமில முறையில் செய்த படிகத்தின் மேலுள்ள சல்பேட் தொகுதிகள் கழன்றுவிடுகின்றன. போதாததற்கு நுண்ணுயிர்களுக்குச் செல்லுலோஸ் தீனி. பாறைக்குள் அது நிலைக்க வேண்டுமானால் கிருமிக்கொல்லி சேர்க்கவேண்டும். அப்போது ‘பசுமை’ என்ற பட்டத்தில் பாதி போய்விடும்.

ஆகவே இதை மாயமருந்து என்று விற்க வருபவரை நம்பக்கூடாது. இன்று கையிலிருக்கும் சான்றுகளில் கிட்டத்தட்ட எல்லாமே ஆய்வுக்கூடத்துப் பாறைத் துண்டுகளிலிருந்து வந்தவை. ஒரு சாண் பாறையில் ஓடியது ஒரு கிலோமீட்டர் பாறையில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனாலும் எண்ணெய்த் தொழில் இதைப் புறந்தள்ளவில்லை. கனடாவின் கியூபெக்கில் 2012-ல் தொடங்கிய செல்லுஃபோர்ஸ் என்ற நானோ படிக ஆலை ஒரு நாளைக்கு ஒரு டன் செய்யும் திறன் கொண்டது. அதில் 2015-ல் பங்கு வாங்கியது எண்ணெய்ச் சேவை நிறுவனமான ஷ்லம்பர்ஜே. கிணறு தோண்டும் சேற்றுத் திரவத்துக்கோ, சிமென்ட்டுக்கோ, எண்ணெயைத் தள்ளவோ, எதற்கோ இது பயன்படும் என்ற கணக்கு அவர்களிடம் இருக்கிறது.

இந்தியாவும் வெறுங்கையோடு இல்லை. மும்பை மாதுங்காவில் 1924-லிருந்து இயங்கும் பருத்தித் தொழில்நுட்ப ஆய்வு மையமான சிர்காட், பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சிலிருந்து நானோ செல்லுலோஸ் செய்யும் முன்மாதிரி ஆலையை 2015-ல் திறந்தது. நாளுக்குப் பத்து கிலோ அதன் திறன். அந்தப் பத்து கிலோ எதற்குப் போதும் என்று கணக்குப் போட்டால் விஷயத்தின் அளவு பிடிபடும். ஒரு செலுத்து கிணற்றில் நாளுக்கு ஆயிரம் பீப்பாய் தண்ணீர் இறக்குவதாக வைத்துக்கொள்வோம். பீப்பாய்க்கு 159 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ கலந்தால் நாளுக்கு 159 கிலோ வேண்டும். ஒரே ஒரு கிணற்றின் ஒரு நாள் பசிக்கு மும்பை ஆலை பதினாறு நாள் ஓடவேண்டும்.

தாமிரபரணிக் கரைக்கு வேலை வருவது இங்கேதான்.

களக்காடு, ஏர்வாடி, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று ஆறுகளையும் கால்வாய்களையும் ஒட்டி வாழைதான் பணப்பயிர். ஏத்தன், ரசகதலி, செவ்வாழை, நாடு. ஆனி ஆடிக் காற்றில் தார் பிடித்த மரம் சாய்ந்துவிடாமல் கம்பு ஊன்றிக் காப்பாற்றுகிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் வாழை தண்ணீருக்குள் போனது. இவ்வளவையும் தாண்டித் தார் வெட்டினால், வெட்டிய மறுநாளே மரம் பாரமாகிவிடுகிறது. ஒரு ஹெக்டேரில் அறுபது டன்னுக்குக் குறையாத மட்டையும் தண்டும் கிடக்கும். கூலி கொடுத்துத்தான் அதை அப்புறப்படுத்தவேண்டும். கூலி கட்டுப்படியாகாதவர் வரப்பில் தள்ளுகிறார், இல்லாவிட்டால் கால்வாயில்.

அந்த அறுபது டன்னில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். நாராகத் தேறுவது சொற்பம். வெட்டிய மரத்தை நீளவாக்கில் பிளந்து, மட்டையை ஒவ்வொன்றாக உரித்து, மழுங்கிய தகடுகள் சுற்றும் உருளைக்குள் பாதி வரை கொடுத்து வெளியே இழுத்தால், சோறு தெறித்துப்போய் ஈர நார் கையில் மிஞ்சும். திருப்பி மறுபாதியைக் கொடுக்கவேண்டும். வெளிமட்டை நார் முரட்டுப் பழுப்பு. உள்மட்டை நார் மெலிசு, வெள்ளை. இயந்திரத்தின் முன் நிற்பவரின் சட்டையில் படிந்த வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது. இவ்வளவு பாடுபட்டு ஒரு மரத்தில் கிடைக்கும் காய்ந்த நார் நூறிலிருந்து இருநூறு கிராம். ஏக்கருக்கு ஆயிரம் மரம் என்றால் நூற்றைம்பது கிலோ அளவில் வரும். அதில் பாதியே நானோ செல்லுலோஸாகத் தேறும் என்று எடுத்துக்கொண்டால், முன்னே சொன்ன ஒரு கிணற்றுக்குத் தினமும் இரண்டு ஏக்கருக்கு மேல் வாழை மட்டை வேண்டும். வருடத்துக்கு எழுநூறு எண்ணூறு ஏக்கர். ஆறேழு கிணறு உள்ள ஒரு சின்ன வயலே ஆயிரக்கணக்கான ஏக்கர் வாழை மட்டையை விழுங்கிவிடும்.

ராதாபுரம், திசையன்விளை பக்கம் வாழையைவிடப் பனை அதிகம். பதநீர் இறக்கவும் கருப்பட்டி காய்ச்சவும் ஆள் குறைந்துவிட்ட பிறகும் மட்டைகள் காய்ந்து விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. பனந்தும்பு ஒரு காலத்தில் தூத்துக்குடி துறைமுகம் வழியாகப் பிரஷ் செய்ய ஐரோப்பாவுக்குப் போன சரக்கு. தும்பு அடிக்கும் கை இங்கே இன்னும் இருக்கிறது. நாரைப் பிரிப்பது, காயவைப்பது, தரம் பார்ப்பது எல்லாம் இந்த மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு விவசாயியிடம் ‘எண்ணெய்க் கம்பெனி வந்து மட்டையை வாங்கப்போகிறது’ என்று ஆசை காட்டினால் அது பாவம். எண்ணெய்த் தொழிலை நம்பிப் பயிர் வைத்தவர்களின் கதை ராஜஸ்தானில் இருக்கிறது. நெல்லைக்காரர்கள் சீனியவரைக்காய் என்று பொரியல் வைக்கும் கொத்தவரையின் விதையிலிருந்து எடுக்கும் பிசின், அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் திரவத்தைக் கெட்டியாக்க உதவுகிறது. உலகுக்கு வேண்டியதில் பெரும் பகுதியை விளைவிப்பது இந்தியா. 2011-12-ல் அதன் விலை பல மடங்கு எகிறியது. முன்பேர வணிகத்தையே அரசு 2012-ல் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அடுத்த பருவங்களில் பருத்தி போட்ட நிலத்திலும் கொத்தவரை போட்டார்கள். அமெரிக்கக் கம்பெனிகள் மாற்றுப் பொருளைத் தேடிக்கொண்டன, பிறகு கச்சா எண்ணெய் விலையும் சரிந்தது. விலை வந்த வேகத்தில் இறங்கியது. பார்மேரிலும் கங்காநகரிலும் மூட்டையோடு காத்திருந்தவருக்கு யாரும் நஷ்ட ஈடு தரவில்லை.

வாழை நாருக்கு எண்ணெய்க் கிணறு முதல் வாடிக்கையாளராக இருக்கக்கூடாது என்பதற்கு இந்த ஒரு கதை போதும். காகிதத்துக்குப் பலம் சேர்க்க, பால் பாக்கெட்டுக்கு மாற்றான மட்கும் உறைக்கு, புண்ணுக்குக் கட்டும் பட்டைக்கு என்று நானோ செல்லுலோஸுக்கு வேறு சந்தைகள் இருக்கின்றன. ஜப்பானில் முதியோர் டயாப்பரில் நாற்றம் போக்க அதைச் சேர்த்திருக்கிறார்கள். அவை கொடுக்கும் விலையும் கூட. அளவும் சீராக இருக்கும். எண்ணெய், பேரம் பேசி மலிவாகக் கேட்கும் மொத்த வியாபாரி. பாலிஅக்ரிலமைடைவிட நானோ செல்லுலோஸ் இன்று பல மடங்கு விலை என்பதால், இப்போதைக்கு அந்த வியாபாரி கடைப்பக்கம் வரப்போவதும் இல்லை.

அப்படியானால் எண்ணெய்ப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். முடிவெடுக்கும் வரிசை தப்பாக இருக்கிறது, அதற்காகத்தான். 2018 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, பழைய வயல்களில் கூடுதல் எண்ணெய் எடுக்கும் முறைகளை ஊக்குவிக்க ஒரு கொள்கையை ஏற்றது. ஒவ்வொரு வயலிலும் என்ன மிச்சம், எந்த முறை பொருந்தும் என்று ஆராயவேண்டும், முன்னோட்டச் சோதனை செய்யவேண்டும், கூடுதலாக எடுக்கும் எண்ணெய்க்கு வரிச் சலுகை தரவேண்டும் என்பது அதன் சாரம். நல்ல கொள்கை. மும்பை ஹை வயலில் உற்பத்தியைத் தூக்கிநிறுத்த 2025 ஜனவரியில் பிரிட்டனின் பிபி நிறுவனத்தை ஓஎன்ஜிசி துணைக்கு அழைத்தது. 1974-ல் கண்டுபிடித்த வயலில் இன்னும் எடுக்க இருக்கிறது என்று அரசே நம்புகிறது என்றுதானே இதற்குப் பொருள்? மும்பைக்கு ஒரு நியாயம், காவிரிப் படுகைக்கு ஒரு நியாயமா?

நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், புவனகிரி என்று காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி பல பத்தாண்டுகளாக எண்ணெய் எடுக்கிறது. நரிமணம் எண்ணெயைச் சுத்திகரிக்க 1993-ல் நாகை அருகே சிறிய ஆலையும் வந்தது. இந்த வயல்கள் சிறியவை, வயதானவை, ஆழமும் சூடும் உள்ளவை. மங்களாவில் பலித்த சூத்திரத்தை அப்படியே இங்கே தூக்கிவைக்க முடியாது. ஒவ்வொரு வயலின் பாறையையும் உப்பையும் வைத்துத்தான் எந்தத் திரவம் என்று முடிவாகும். அகமதாபாதில் 1978-லிருந்து இதற்கென்றே ஓஎன்ஜிசியின் எண்ணெய்த்தேக்க ஆய்வு நிறுவனம் இருக்கிறது. காவிரிப் படுகைப் பாறைத் துண்டுகளை அங்கே சோதிக்கலாம். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம், அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், சென்னையில் ஐஐடி. இவற்றையும் மும்பை சிர்காட்டையும் ஒரே மேசையில் உட்காரவைக்க ஆழ்கடலில் ஒரு கிணறு தோண்டும் செலவில் துளிப் பங்கு போதும்.

ஆனால் டெல்டாவில் எண்ணெய்க் கிணற்றுக்குள் எதையாவது இறக்கப்போகிறோம் என்றாலே ஊர் கூடிவிடும். கூடுவதிலும் தப்பில்லை. 2017 ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் ஓடியதை யாரும் மறக்கவில்லை. அதே ஆண்டு எரிவாயுத் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் போராட்டம். 2020-ல் தமிழக அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அது தடை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. பழைய கிணற்றில் புதிய திரவம் இறக்குவது பழைய பணியா, புதிய திட்டமா? இதை அதிகாரிகள் கோப்புக்குள் முடிவு செய்யக்கூடாது. திரவத்தில் என்னென்ன சேர்க்கிறார்கள், கிருமிக்கொல்லி எது, எவ்வளவு, சுற்றுவட்டாரத்துக் குடிநீர்க் கிணறுகளில் யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள் என்பதைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியபிறகுதான் முதல் வாளியை இறக்கவேண்டும். வாழை நார்தானே என்று அலட்சியம் செய்ய இடமில்லை. நானோ அளவுக்கு உடைத்து, ரசாயனம் ஏற்றிய பிறகு அது வாழை நார் அல்ல.

சூழலியல் தரப்பிலிருந்து இன்னொரு கேள்வி வரும். பூமி சூடாகும் காலத்தில் கூடுதல் எண்ணெய் எடுக்க ஏன் மெனக்கெட வேண்டும்? எடுக்கும் எண்ணெய் எரியத்தானே போகிறது? எரியும்தான். தாவரப் பொருளால் எடுத்ததால் அந்த எண்ணெய் பசுமையாகிவிடாது. அப்படி விளம்பரம் செய்தால் அது ஏமாற்று. ஆனால் இன்றைய நிலையில் இங்கே எடுக்காத பீப்பாய் இறக்குமதியாகக் கப்பலில் வந்து இறங்கி எரியப்போகிறது. நடப்பில் உள்ள போட்டி பழைய கிணற்றுக்கும் வெட்ஜ் பேங்கை ஒட்டிய புதிய கிணற்றுக்கும் இடையில். அந்தப் போட்டியில் பழைய கிணறு ஜெயிக்கவேண்டும்.

இனி இடம் பற்றி ஒரு வார்த்தை. இப்படி ஏதாவது பேச்சு எழுந்தால் ராதாபுரத்தில் ஆலை வேண்டும் என்று கோரிக்கை வரும். வேண்டாம். அமில முறையில் நானோ படிகம் செய்ய 64 விழுக்காடு கந்தக அமிலம் வேண்டும். அதைக் கழுவித்தள்ள ஏராளமான தண்ணீர் வேண்டும். ராதாபுரமோ பேச்சிப்பாறை பக்கமிருந்து மலை சுற்றிவரும் ஒரு கால்வாயை நம்பி 52 குளங்களை நிரப்பிக்கொள்ளும் வறண்ட பூமி. தாமிரபரணி வெள்ளநீரை நம்பியாறு வரை கொண்டுவர 2009-ல் தொடங்கிய கால்வாயும் குடிக்கவும் பயிருக்கும்தான். ஆற்றோரத்திலும் அமில ஆலை கூடாது, தாமிரபரணி ஏற்கெனவே சுமக்கும் கழிவு போதும்.

இயந்திரத்தால் இழை பிரிக்கும் முறைக்கு அமிலம் வேண்டாம், மின்சாரம் வேண்டும். முன்பெல்லாம் ஒரு டன்னுக்கு 25 ஆயிரம் யூனிட்டுக்கு மேல் விழுங்கியது. நாரை முதலில் நொதியாலோ லேசான ரசாயனத்தாலோ பதப்படுத்திக்கொண்டால் ஆயிரம் யூனிட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பணகுடியிலிருந்து முப்பந்தல் வரை காத்தாடிகள் சுற்றும் ஊர் இது. காற்றுக் காலத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் காத்தாடியை நிறுத்திவைக்கும் புகார் இங்கே புதிதல்ல. தென்மேற்குக் காற்று அடிக்கும் அந்த மே முதல் செப்டம்பர் வரை மட்டும் ஓடும் இழை பிரிப்புக் கூடம் ஒன்றைப் பணகுடி, வள்ளியூர் பக்கம் வைக்கலாம். களக்காட்டிலும் ஏர்வாடியிலும் மகளிர் குழுக்கள் கையில் நாலைந்து நார் உரிக்கும் கொட்டகைகள். அங்கிருந்து காய்ந்த நார் மட்டும் வள்ளியூருக்கு வந்தால் போதும், தண்ணீர் சுமக்கும் மட்டையை லாரியில் ஏற்றிக் கட்டுப்படியாகாது. முதல் வருடம் அந்த இழையைக் காகித ஆலைகளுக்கு விற்கட்டும். கூடத்திலிருந்து ஐம்பது கிலோவை அகமதாபாதுக்கு அனுப்பி, நரிமணம் பாறைத் துண்டில் செலுத்திப் பார்க்கச் சொல்லட்டும். அந்தச் சோதனையின் முடிவு வரும்வரை ஆழ்கடல் தொகுதிகளின் கோப்பு நகரக்கூடாது என்று தமிழக எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்கவேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று தெற்குக் கடலோரத்துக்கே மூன்று பேர் இருக்கிறார்கள்.